ஈயம் தின்ற நாய்: கண்டறிதலும் கண்காணிப்பும்

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு அரவை தொடங்கிவிட்டால் சாலையோரம் முழுக்க டிராக்டர்கள்தான். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு வரும் அந்த வண்டிகளை நம்பி பேட்டரிக் கடை, பஞ்சர் கடை, வெல்டிங் பட்டறை என்று தொழில்கள் நடக்கின்றன. ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணையில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வரும் நாட்களில் வீச்சு வலைகள் இறங்கும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வீடு கேட்டையும் ஜன்னலையும் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் நாய்கள் சுற்றுகின்றன, முகர்கின்றன, கடித்துப் பார்க்கின்றன. பேட்டரித் தட்டு, வலையின் விளிம்பில் கோத்த குண்டு, பழைய பெயின்ட் மூன்றிலும் ஈயம் இருக்கக்கூடும்.

ஈய நச்சை வீட்டில் யாராலும் உறுதிசெய்ய முடியாது. சிகிச்சையும் கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் சந்தேகப்பட வேண்டியதும், ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதும், சரியான பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டியதும், அதன்பின் வாரக்கணக்கில் நாயைக் கவனிக்க வேண்டியதும் வளர்ப்பவர்தான். இந்த அத்தியாயம் அந்த வேலைகளைப் பற்றியது.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும்

விழுங்கிய ஈயம் வயிற்று அமிலத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து ரத்தத்தில் சேர்கிறது. ரத்தத்தில் சேர்ந்ததில் 90 சதவீதத்துக்கு மேல் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து மூளை, சிறுநீரகம், கல்லீரல் என்று போய் கடைசியில் எலும்பில் தங்குகிறது. எலும்பு ஈயத்துக்கு ஒரு குதிர்: உள்ளே போனது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்து மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஒரே ஒரு பரிசோதனையோடு விஷயம் முடியாததற்கு இதுவே காரணம்.

குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். வளர்ந்த நாயின் குடல் விழுங்கிய ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், குட்டியின் குடல் பாதி வரை உறிஞ்சலாம். போதாக்குறைக்குக் குட்டிகள் கண்டதையெல்லாம் கடிக்கும்.

எதற்கும் முன் வெறிநோயை நினைத்துக்கொள்ளுங்கள்

ஈய நச்சு மூளையைத் தாக்கும்போது நாய் காரணமில்லாமல் ஓயாமல் குரைக்கும், வாயை மென்றுகொண்டே இருக்கும், எச்சில் வடிக்கும், சுவரில் மோதும், சொந்த ஆட்களையே கடிக்க வரும். வெறிநோயும் இப்படித்தான் தெரியும். பார்வையால் இரண்டையும் பிரிக்க அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. ஆகவே:

1. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி நாயின் வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோய் எச்சில் மனிதர் மேல் இப்படியும் படலாம்.
2. நாயைக் கதவுள்ள அறையிலோ கூண்டிலோ தனியாக அடைத்து, குழந்தைகளை அப்பால் வையுங்கள்.
3. கடியோ கீறலோ பட்டால், புண்ணில் எச்சில் பட்டாலும் கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ஈயமா வெறிநோயா என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் மனிதரைக் காப்பாற்ற மருந்தில்லை.
4. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.

வலிப்பு வந்தால் நாயை அழுத்திப் பிடிக்கக் கூடாது. மோதக்கூடிய சாமான்களை நகர்த்தி, விளக்கை அணைத்து, டி.வி. சத்தத்தை நிறுத்துங்கள், சத்தம் இந்த நாய்களை இன்னும் கலக்கும். எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலும், ஒன்று தெளியும் முன்பே அடுத்தது வந்தாலும் உடனடியாக மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கும் வலிப்பு வரும் நாய்க்கும் வாய்க்கூடு மாட்டவே கூடாது.

ஈயம் எங்கே இருக்கிறது?

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று 2016-இல் விதி வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் நம் கதவுகளில்தான் இருக்கிறது. சுரண்டும்போது அது தூசாகத் தரையில் விழுகிறது, நாயின் மேல் படிகிறது, நாய் தன் உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள் போகிறது.

பெயின்ட்டைவிட இந்தப் பகுதியில் அதிகம் கவலைப்பட வேண்டியது பேட்டரியைப் பற்றி. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் டிராக்டர் பேட்டரியும் பழசானதும் மாட்டுக்கொட்டகையில் ஒதுக்கப்படுகின்றன. உறை உடைந்தால் சாம்பல் நிறப் பொடி உதிரும். அது ஈயமும் ஈயச் சேர்மங்களும்தான். பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் இடங்களில் மண்ணே நஞ்சாகிறது. செனகல் நாட்டின் தியாரோய் சுர் மேர் என்ற ஊரில் பேட்டரி மண்ணைச் சலித்து ஈயம் எடுத்ததில் 2007-08-இல் 18 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே மண் ஆபத்தானது என்று பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்தது அடுப்புச் சாம்பல். பழைய கதவு, ஜன்னல் சட்டம், வண்டிப் பலகை என்று பெயின்ட் அடித்த மரத்தை விறகாக எரித்தால் மரம் எரியும், ஈயம் எரியாது, சாம்பலில் தங்கும். குளிர்காலத்தில் நாய் போய்ப் படுப்பது அந்தச் சாம்பலில். அதே சாம்பலால் பாத்திரம் துலக்கும் வீடுகளும் உண்டு. பெயின்ட் பட்ட மரத்தை அடுப்பில் வைக்காமல் இருப்பது நாய்க்கும் வீட்டாருக்கும் சேர்த்துச் செய்யும் காரியம்.

மற்றவை: வீச்சு வலை ஈயக்குண்டுகள் (மீன் வாடை இருப்பதால் நாய் விரும்பி மெல்லும்), தூண்டில் குண்டு, பஞ்சர் கடை வாசலில் கிடக்கும் வீல் பேலன்சிங் துண்டு, ரேடியோ பழுதுபார்க்கும் இடத்துச் சால்டர், இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் சிவப்பு ஈய பிரைமர். கல்வராயன் மலை ஓரத்து ஊர்களில் இன்னொன்றும் உண்டு. நாட்டுத்துப்பாக்கியில் ஈயக் குண்டு போட்டுச் சுட்ட காட்டு விலங்கின் குடலையும் எலும்பையும் நாய்க்குப் போடுவார்கள். அந்த வேட்டை சட்டவிரோதம் என்பது தனி விஷயம். அதில் தப்பிக் கிடக்கும் குண்டு நாயின் வயிற்றில் கரையும். நாயின் சதையில் எப்போதோ பாய்ந்து தங்கிவிட்ட குண்டு பெரும்பாலும் கரைவதில்லை, மூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் தவிர.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

நாய் சாப்பிட மறுக்கிறது, விட்டு விட்டு வாந்தி எடுக்கிறது, வயிற்றைத் தொட்டால் முனகுகிறது, மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருகின்றன: வயிற்றில் தொடங்குவது இப்படி. மூளையில் தொடங்கினால் பதற்றம், ஓயாத குரைப்பு, தள்ளாட்டம், தசை துடிப்பு, கண் தெரியாமல் முட்டுவது, வலிப்பு. பல நாய்களில் வயிற்றுக் கோளாறு முதலில் வந்து, சில நாள் கழித்து மூளை அறிகுறி தொடரும். ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தால் மெலிவும் சோர்வும் ரத்தசோகையும் மட்டுமே தெரியலாம்.

இவற்றில் எதுவும் ஈயத்துக்கு மட்டுமே உரியதல்ல. நாய்க்குட்டிக்கு டிஸ்டெம்பர் வந்தாலும் வலிப்பு வரும். அதில் காய்ச்சலும், கண்ணிலும் மூக்கிலும் சீழ் ஒழுகுவதும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். கரும்பு, மக்காச்சோள வயல்களில் போடும் குருணை மருந்தோ பூச்சிமருந்தோ வயிற்றுக்குள் போயிருந்தால் நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ எச்சில் கொட்டும், உடம்பு நடுங்கும், கருவிழிப்பாவை சுருங்கும். அது நொடியும் தாமதிக்கக் கூடாத நிலை. உண்ணிக் காய்ச்சலிலும் ரத்தசோகை வரும். வயிறும் மூளையும் சேர்ந்து கெட்டிருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் ஈயமும் இருக்கிறது என்றால் ஈயத்தைப் பட்டியலில் மேலே வையுங்கள்.

கண்டறிதல்: வரிசை மாறாமல்

1. வரலாற்றை எழுதுங்கள். முதல் அறிகுறி தெரிந்த நாள், வாந்தியில் என்ன இருந்தது, கடந்த இரண்டு மாதத்தில் வீட்டில் பெயின்ட் சுரண்டினார்களா, பேட்டரி மாற்றினார்களா, நாய் எங்கே படுக்கிறது, எதைக் கடிக்கும் பழக்கம். மருத்துவர் முன் நிற்கும்போது பாதி மறந்துபோகும்; தாளில் இருந்தால் மறக்காது.

2. வீட்டைச் சுற்றி நடந்து படம் எடுங்கள். கடித்த தடம் உள்ள கேட், உதிர்ந்த பெயின்ட், உடைந்த பேட்டரி. வெறுங்கையால் தொட வேண்டாம். உதிரித் துண்டு கிடைத்தால் கையுறை போட்டு எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

3. மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். முதலில் அரசு கால்நடை மருந்தகம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 எண்ணிலும் உதவி கேட்கலாம். எக்ஸ்ரேவும் ஆய்வுக்கூடமும் தேவைப்பட்டால் சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகத் தலைவாசலில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இந்தப் பகுதிக்குப் பக்கம். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரை கேட்பவர்களும் உண்டு.

4. வயிற்று எக்ஸ்ரே. ஈயக்குண்டு படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆனால் ஆணியும் அப்படித்தான் தெரியும். உலோகம் இருக்கிறது என்று சொல்லும், எந்த உலோகம் என்று சொல்லாது. படத்தில் ஒன்றும் இல்லை என்பதாலும் ஈய நச்சு இல்லை என்று ஆகாது. பெயின்ட் தூசு குடலைத் தாண்டிப் போயிருக்கலாம்.

5. ரத்தப் பூச்சுக் கண்ணாடி. செலவு குறைவு, எந்தச் சிறு ஆய்வுக்கூடத்திலும் பார்க்கலாம். ரத்தசோகை அவ்வளவாக இல்லாமலே கரு உள்ள சிவப்பணுக்கள் நிறையத் தெரிந்தாலோ, சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தெரிந்தாலோ ஈயத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். ஊசியிலிருந்து வரும் புது ரத்தத்தை நேரே கண்ணாடியில் பூசச் சொல்லுங்கள்; ஈடிடிஏ குழாயில் இருந்த ரத்தத்தில் நீலப் புள்ளிகள் மங்கிப்போகலாம். இந்தப் புள்ளிகள் இல்லாத ஈய நச்சும் உண்டு.

6. ரத்த ஈய அளவு. முடிவைச் சொல்வது இதுதான். கேட்க வேண்டியது முழு ரத்தம். சீரம் எடுத்தால் சிவப்பணுவோடு ஈயமும் வெளியே போய்விடும், அளவு பொய்யாகக் குறையும். எந்தக் குழாயில், எத்தனை மில்லி, எப்படி அனுப்ப வேண்டும் என்று ஆய்வுக்கூடத்திடம் போனில் கேட்டுவிட்டே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மனிதர்களுக்கான பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இந்தப் பரிசோதனை உண்டு. நாயின் ரத்தத்தை ஏற்பார்களா என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளலாம். குழாயைக் குளிர்ப்பையோடு தெர்மாகோல் பெட்டியில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது.

7. மருந்துக்கு முன் ரத்தம். ஈயத்தை வெளியேற்றும் மருந்து தொடங்கியபின் எடுத்த முதல் அளவை எதோடும் ஒப்பிட முடியாது. அதே நேரம் வலிப்பு வரும் நாய்க்கு அறிக்கை வரும்வரை காத்திருக்கவும் முடியாது. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார்; அது சரியான முறை.

8. யூரியா, கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை. ஈயமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஈயத்தை வெளியேற்றும் சில மருந்துகளும் கெடுக்கும். தொடக்க அளவு கையில் இருந்தால்தான் பின்னால் எது கெட்டது என்று தெரியும்.

குறிப்பு: தாய் நாய்க்கு ஈயம் இருந்தால் கருப்பையிலும் பாலிலும் குட்டிகளுக்குப் போகும். குட்டிகளையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள்.

அறிக்கையில் உள்ள எண்

அளவு பெரும்பாலும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று வரும். சில ஆய்வுக்கூடங்கள் லிட்டர் கணக்கில் கொடுக்கும், சில பிபிஎம்-இல் கொடுக்கும். டெசிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம், லிட்டருக்கு 350 மைக்ரோகிராம், 0.35 பிபிஎம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. அலகைப் பார்க்காமல் 350 என்ற எண்ணைக் கண்டு பதறுவதும், 0.35-ஐக் கண்டு நிம்மதி அடைவதும் இரண்டுமே தவறு.

டெசிலிட்டர் கணக்கில் 10-க்குக் கீழ் என்றால் சாதாரணம். 30 முதல் 35-ஐத் தாண்டி அறிகுறியும் இருந்தால் ஈய நச்சு என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 60-ஐத் தாண்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும் ஈய நச்சுதான். 10-க்கும் 30-க்கும் நடுவே வந்தால் நாய்க்கு எங்கிருந்தோ ஈயம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்; மூலத்தைத் தேடி அகற்றி, சில வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

எண் பெரிது என்பதால் நோய் கடுமை என்று கணக்கிட வேண்டாம். 40 உள்ள குட்டி வலிப்பில் கிடக்கும், 70 உள்ள வளர்ந்த நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும். எத்தனை நாளாக ஈயம் சேர்கிறது என்பதையும் ஓர் எண் சொல்லாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது முதல் தவறு. உப்பே நாய்க்கு நஞ்சாகலாம். பேட்டரி அமிலம் போயிருந்தால் வாந்தியில் தொண்டை இரண்டாம் முறை வெந்துபோகும். தள்ளாடும் நாய் வாந்தியை நுரையீரலுக்குள் இழுத்துவிடும்.

கரியைக் கரைத்துக் கொடுப்பது இன்னொன்று. பல நஞ்சுகளுக்குச் செயல்கரி உதவும், ஈயத்தை அது சரியாகப் பிடிக்காது. அந்த நேரம் வீண்.

மூன்றாவதுதான் மிகவும் வருத்தத்துக்குரியது: இணையத்தில் படித்து, மனிதர்களுக்கான மருந்துக்கடையில் ஈயத்தை வெளியேற்றும் டி-பெனிசிலமைன் வாங்கி நாய்க்குக் கொடுப்பது. குடலில் ஈயத்துண்டு இருக்கும்போது இந்த மருந்தோ கால்சியம் ஈடிடிஏ ஊசியோ கொடுத்தால் ஈயம் ரத்தத்துக்குள் இன்னும் வேகமாக ஏறலாம். முதலில் குடல் காலியாக வேண்டும். அதை எனிமாவாலா, பேதி மருந்தாலா, எண்டோஸ்கோப்பாலா, அறுவை சிகிச்சையாலா செய்வது என்பது மருத்துவரின் தீர்மானம். அளவு, நாள், இடைவெளி எல்லாம் நாயின் எடையையும் சிறுநீரக நிலையையும் பார்த்துச் சொல்ல வேண்டியவை. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் மருந்தளவு எதையும் கொடுக்கவில்லை.

சிகிச்சை நாட்களில் வீட்டில் கவனிக்க வேண்டியவை

மருந்து வேலை செய்தால் ஓரிரு நாளிலேயே வாந்தி குறைந்து நாய் சாப்பிடத் தொடங்கும். மூளை அறிகுறிகள் அடங்க இன்னும் நாளாகலாம். பழகிய ஆளைக் கண்டு வாலாட்டுவது, பெயர் சொன்னால் திரும்புவது, தட்டைத் தானே தேடி வருவது போன்ற சின்னச் சின்ன மாற்றங்களைக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு இவை முக்கியமான தகவல்.

சிறுநீரைக் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தாலோ நின்றாலோ அன்றே தெரியப்படுத்த வேண்டும். தண்ணீர் எப்போதும் வைத்திருங்கள். நாயைப் பட்டினி போடாதீர்கள். காலி வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படுகிறது. ஆனால் சில மருந்துகளைக் காலி வயிற்றில்தான் கொடுக்க வேண்டும் என்பதால், எந்த வேளைக்கு மருந்து, எந்த வேளைக்குச் சோறு என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

வெறும் சோறும் குழம்பும் தின்று வளரும் நாய்க்குக் கால்சியமும் இரும்புச் சத்தும் குறைவாக இருக்கும். அந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக ஏற்கும். முட்டை, சிறுமீன், கேழ்வரகு சேர்ப்பது நல்லது. கால்சியம் மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

சிகிச்சைக்குப் பின் கண்காணிப்பு

பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். நாய் துள்ளுகிறது, சாப்பிடுகிறது, இனி எதற்குத் தலைவாசல் வரை போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் மருந்து ரத்தத்தில் இருந்த ஈயத்தைத்தான் வெளியேற்றியது. மருந்து நின்றதும் எலும்பில் இருப்பது ரத்தத்துக்கு வரும், அளவு மறுபடி ஏறும். கடைசி வேளை மருந்துக்கு அடுத்த நாள் எடுத்த ரத்தத்தில் எண் குறைவாக வருவது இயல்பு. அதை நம்பி நிறுத்தக் கூடாது.

1. கடைசி மருந்து கொடுத்த நாளிலிருந்து 10 முதல் 14 நாளுக்குள் ரத்த ஈய அளவை மறுபடி பாருங்கள். அந்தத் தேதியைச் சிகிச்சை முடியும் நாளிலேயே காலண்டரில் வட்டமிடுங்கள்.
2. அன்றே யூரியா, கிரியாட்டினின் பார்க்கவும்.
3. முதல் முறை பார்த்த அதே ஆய்வுக்கூடத்தில் பாருங்கள். இடம் மாறினால் முறை மாறும், எண்ணை ஒப்பிட முடியாது.
4. அளவு மீண்டும் ஏறியிருந்தால் மருத்துவர் இன்னொரு சுற்று மருந்து சொல்லலாம். நாய் முகம் தெளிந்திருக்கிறது என்று மறுக்க வேண்டாம்.
5. எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏறியிருந்தால் எலும்பை மட்டும் குறை சொல்ல வேண்டாம். வீட்டில் ஈயம் இன்னும் எங்கோ இருக்கிறது.
6. அதன்பின் ஒரு மாதம், மூன்று மாதம் என்று மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள்.

ஒரு பள்ளி நோட்டு போதும். தினமும் ஒரு வரி: தேதி, சாப்பாடு, வாந்தி, மலம், சிறுநீர், வலிப்பு (நேரமும் நிமிடமும்), நடை, கொடுத்த மருந்து. வாரம் ஒரு முறை எடை. வலிப்பை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் கண்ணால் காண முடியாததை அது காட்டும். பரிசோதனை எண்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஏற்ற இறக்கம் ஒரே பார்வையில் தெரியும்.

உதாரணத்துக்கு ஆற்றங்கரை வீட்டில் ஒரு குட்டி ஈயக்குண்டை விழுங்கியதாக வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்கு முன் 68. குண்டு வெளியே வந்து, மருந்து முடிந்த மறுநாள் 18. இரண்டு வாரம் கழித்து 31. முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்த வீடு நிம்மதியாகத் தூங்கும். மூன்றாவது எண்ணையும் பார்த்த வீடு வலையை உயரத்தில் மாட்டியிருக்கிறதா என்று மறுபடி சரிபார்த்து, குட்டியை மருத்துவரிடம் கொண்டு போகும்.

வீட்டைச் சுத்தப்படுத்தும்போது

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈயத் தூசு காற்றில் எழும்பி எல்லார் மூக்கிலும் போகும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். பெயின்ட்டைத் தீயால் உருக்கியோ காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தோ எடுக்க வேண்டாம்; நனைத்துச் சுரண்ட வேண்டும். அந்த நாட்களில் நாயும் குழந்தைகளும் உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. பழைய பேட்டரியைக் கழற்றாமல், உடைக்காமல் புதுசு வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். திரும்பப் பெறும் பொறுப்பை 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. நாயைக் குளிப்பாட்டும்போது கையுறை போடுங்கள், கழுவிய தண்ணீர் காய்கறிப் பாத்திக்குப் போகாமல் பாருங்கள்.

நாய் இறந்துவிட்டால், வேதனையோடு என்றாலும், பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் ஈயம் எவ்வளவு என்று பார்த்து உறுதிசெய்ய முடியும். வெறிநோய்ச் சந்தேகம் இருக்கும் உடலை வீட்டில் யாரும் அறுக்கக் கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது குழந்தைகளை

நாயும் தவழும் குழந்தையும் ஒரே தரையில் இருக்கிறார்கள், இரண்டு பேரும் கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 83 குடும்பங்களின் குழந்தைகளையும் நாய்களையும் சேர்த்துப் பரிசோதித்து 1976-இல் வெளியிட்ட ஆய்வில், நாயின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்த வீட்டில் குழந்தைக்கும் அதிகமாக இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியது. ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் துறைமுக ஊரில் 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்த பிறகுதான், துறைமுகத்திலிருந்து ஈயத் தூசு ஊருக்குள் பரவியது தெரியவந்தது. குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தது அதற்குப் பின்.

குழந்தைகளுக்கான வரம்பு நாயுடையதைவிட மிகக் குறைவு. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே காரணத்தைத் தேட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது; அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டில் தன் அளவை 3.5-ஆகக் குறைத்தது. நாய்க்குச் சாதாரணம் என்று சொல்லும் 9 கூடக் குழந்தைக்குச் சாதாரணமல்ல. நாயின் அறிக்கையில் ஈயம் உறுதியானால், வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், அந்தத் தாளையே கையில் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அந்த வாரமே போய், அவர்களுக்கும் ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.